முட்டை என்று சொன்னது தப்பு

பாப்பா,

அன்றைக்கு வீடியோ காலில் உன் பையன் பூமி என்ன வடிவம் தாத்தா என்று கேட்டதும், யோசிக்காமல் முட்டை வடிவம் என்று சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் இருந்து சிரித்தாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முட்டை நீளவாக்கில் நீண்டது, பூமி அதற்கு நேர் எதிர்.

அவனுக்கு இப்படிச் செய்து காட்டு. கெட்டி அட்டையில் ஒரு நீள்வட்டம் வெட்டி, அதன் நடுவே அகலம் குறைந்த பக்கமாக ஒரு பென்சிலை ஒட்டி, பென்சிலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து வேகமாக உருட்டச் சொல். மேலும் கீழும் அமுங்கிய உருண்டை ஒன்று காற்றில் தெரியும். அது ஆப்லேட் ஸ்பீராய்டு, தமிழில் தட்டைக் கோளவுரு எனலாம். அதே பென்சிலைப் பிய்த்து நீளவாக்கில் ஒட்டி உருட்டினால் ரக்பி பந்து மாதிரி வரும், அது புரோலேட், நெட்டைக் கோளவுரு. அட்டை ஒன்றுதான், சுழலும் அச்சு மாறினதும் பெயரே மாறிவிடுகிறது பார். முட்டை இந்த இரண்டிலும் சேராது, அதற்கு ஒரு முனை கூர்மை, மறுமுனை மழுக்கை.

பெரிய ஆட்களுக்கே இதில் சண்டை வந்திருக்கிறது. பூமி சுழல்வதால் நடுவில் பிதுங்கித்தான் இருக்கும் என்று நியூட்டன் 1687இல் எழுதினார். பாரிஸில் வானியலாளர் காசினியின் தரப்போ பிரான்ஸுக்குள் அளந்த கணக்கை வைத்துக்கொண்டு, இல்லை, நெட்டைதான் என்று சாதித்தது. கடைசியில் பிரெஞ்சுக்காரர்களே 1735இல் ஒரு குழுவை நிலநடுக்கோட்டுப் பக்கம், இன்றைய ஈக்வடாருக்கும், 1736இல் இன்னொரு குழுவை ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துக்கும் அனுப்பி, ஒரு பாகை அட்சரேகை தரையில் எவ்வளவு நீளம் என்று அளந்தார்கள். பூமியின் வளைவு குறைந்து தட்டையாக இருக்கும் இடத்தில் ஒரு பாகை கடக்கக் கூடுதலாக நடக்க வேண்டும் இல்லையா, வடக்கில்தான் நீளம் அதிகமாக வந்தது. நியூட்டன் ஜெயித்தார்.

ஆனால் அந்தத் தட்டை எவ்வளவு தெரியுமா? நடுக்கோட்டில் ஆரம் 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. வித்தியாசம் வெறும் 21. முப்பது சென்டிமீட்டர் குளோப் ஒன்றை இந்தக் கணக்குப்படி செய்தால் உயரத்தில் 1 மில்லிமீட்டர் குறையும், அவ்வளவுதான், கண்ணுக்கே தெரியாது. அதனால் அவன் பள்ளிக்கூடத்தில் உருண்டை என்று எழுதினால் தப்பென்று திருத்தாதே. சனி கிரகம் என்றால் வேறு கதை, பத்தில் ஒரு பங்கு அமுங்கியிருக்கும், டெலஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் பூமியின் கடல் மட்டம்கூட அந்தக் கோளவுருவோடு ஒட்டிப்போகாது, சில இடத்தில் நூறு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அந்த உருவத்துக்கு எந்தப் பெயரும் பொருந்தாமல் ஜியாய்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதாவது பூமி மாதிரி இருப்பது! என்னைக் கேட்டால் அவர்களும் என்னைப் போல அவசரத்தில்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அட்டையை அவனே வெட்டட்டும்.

அப்பா