தாய் மனம் வைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை வளர்ப்பது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். "தாய் மனம் வைத்தால் எழுந்து நடக்காத குழந்தை இல்லை" என்ற வரியைத் தனியே கட்டமிட்டுக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். மூளை முடக்குவாதமும் வலிப்பும் உள்ள நான்கு வயதுப் பெண் குழந்தையின் தகப்பன் நான். எனக்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிட்ட என் மனைவி, "இன்னும் எவ்வளவு மனம் வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்" என்றார். அதையே தங்களிடம் கேட்கிறேன்.

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் நேர்ந்த பாதிப்பின் விளைவு என்பதும், அந்தப் பாதிப்பை மன உறுதியால் அழித்துவிட முடியாது என்பதும் தாங்கள் அறியாததல்ல. இத்தகைய குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997-லேயே வந்துவிட்டது. என் மகள் ஐந்தாம் நிலை, அதாவது மிகக் கடுமையான நிலை. தலையை நிமிர்த்தி வைத்திருப்பதே அவளுக்குப் பெரும்பாடு. பிசியோதெரபியால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தசைகள் இறுகிப்போகாமல், வலியில்லாமல், சாய்வு நாற்காலியில் சற்று நேரமாவது ஒழுங்காக உட்கார அது உதவுகிறது. ஆனால் அவள் நடப்பாள் என்று அவளைப் பரிசோதித்த மருத்துவர் எவரும் சொன்னதில்லை. தங்கள் கட்டுரையாளர் அவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். நடக்காத குழந்தையின் தாய் மனம் வைக்கவில்லை என்பதுதானே அந்த வரிக்குப் பொருள்?

மனம் வைப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கினால் தெரியும். மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, உணவுக்காக வயிற்றில் பொருத்தியுள்ள ட்யூப் வழியாகச் செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விடாவிட்டால் ட்யூப் அடைத்துக்கொள்ளும். ட்யூப் கழன்று விழுந்தாலோ, வயிற்றில் உள்ள துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. வலிப்பு வந்தால் ஒரு கண் குழந்தையின் உதட்டு நிறத்திலும் மறு கண் கடிகாரத்திலும் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருந்து. இத்தனையும் தாயின் தியாகம் என்று புகழப்படுகிறது. இரவு முறையில் பாதி என்னுடையது என்றாலும், மருத்துவமனையில் என்னைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி "அம்மா வரவில்லையா?" என்பதுதான்.

மருத்துவமனை என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. நரம்பியல் மருத்துவர் வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டுகிறார். குழந்தை அரைத் தூக்கத்திலேயே கிடக்கிறாள். பிசியோதெரபிஸ்ட், குழந்தை ஒத்துழைக்கவில்லை என்று எழுதுகிறார். உணவியல் நிபுணரோ, எடை ஏன் ஏறவில்லை என்று எங்களைக் கடிந்துகொள்கிறார். மூவரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். தூது போவது மட்டும் என் மனைவி. புதிதாக வரும் ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும், கையில் கனமான ஃபைல் இருக்க, கர்ப்பகாலத்தில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்பார். என் மனைவி ஒவ்வொரு முறையும் குற்றவாளிபோல் பதில் சொல்வார். வாயால் சாப்பிடப் பழகிய பிறகு அழைத்து வாருங்கள் என்று ஒரு பள்ளி எங்களைத் திருப்பி அனுப்பியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது; அதில் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இவற்றில் எதைப் பற்றியும் தங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. எழுதினால் மருத்துவமனையையும் பள்ளியையும் அரசையும் கேள்வி கேட்க நேரும். தாயைக் கேட்பது எளிது. அவருக்குப் பதில் எழுத நேரமிருக்காது.

அந்த வரியைத் திரும்பப் பெறும்படி நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்று அறிவேன். ஆனால் கட்டுரையோடு வெளியான படத்தில், மடியில் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு ஒரு பெண் கரண்டியால் ஊட்டுகிறார். விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைக்கு அப்படி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா எனும் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். சில குழந்தைகளுக்கு அப்போது இருமல்கூட வராது என்பதால் ஊட்டுபவருக்கும் தெரியாது. தங்கள் இதழைப் பார்த்து யாரேனும் அப்படிச் செய்துவிடக் கூடும். ஆகவே அடுத்த இதழில் அந்தப் படம் தவறானது என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தலையும் உடலும் நிமிர்ந்திருக்குமாறு குழந்தையை எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்பதை, விழுங்குதல் பயிற்சி தரும் எந்த ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேட்டாலும் சொல்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்