மில் குழந்தைகளின் மதர் ஜோன்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்கத் தொழிலாளர் போராளியான மதர் ஜோன்ஸை ஏனோ மறந்துவிடுகிறார்கள். அயர்லாந்தில் பிறந்த மேரி ஹாரிஸ் ஜோன்ஸ், 1867இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மஞ்சள் காய்ச்சலுக்குக் கணவரையும் நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். பிலடெல்பியா நெசவாலைகளில் விரல்களை இழந்த சிறுவர்களைப் பற்றி எழுத அவ்வூர் நாளிதழ்கள் தயங்கின. காரணம், ஆலை முதலாளிகள் அவற்றில் பங்குதாரர்கள். இதை அவரே சுயசரிதையில் சொல்கிறார். எனவே 1903 ஜூலையில் அந்தச் சிறுவர்களையே அழைத்துக்கொண்டு ஆய்ஸ்டர் பேயிலிருந்த அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் வீட்டை நோக்கி நடந்தார். வழியெங்கும் அதுவே செய்தியானது! மாவீரர் என்று பெயரெடுத்த ரூஸ்வெல்ட்டோ சந்திக்கவே மறுத்துவிட்டார். தங்கள் ஞாயிறு இணைப்பில் இவரைப் பற்றி விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், கோவை