கேரட் சாறும் உன் கண்ணாடியும்

கேத்தி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு அம்மா தூங்கவே இல்லை. உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது என்றதும் அவளுக்குக் காமாலை பயம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது, பசியும் எடுக்கிறது, தினமும் இரண்டு டம்ளர் கேரட் சாறு குடிக்கிறேன் என்றாயே, அப்படியானால் அது கேரட்டின் நிறமாகத்தான் இருக்கும். அதிலுள்ள பீட்டா கரோட்டின் மிஞ்சினால் தோலில் படியும். குறைத்துக்கொண்டால் மெல்லப் போய்விடும். இருந்தாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடம்மா.

எனக்கு வருத்தம் வேறு. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்றுதானே அதைக் குடிக்கிறாய்? கேரட் போட்டே உன்னைப் படிக்கவைத்தவன் சொல்கிறேன், கேரட்டால் அது ஆகாது. உனக்குக் கிட்டப்பார்வை. விழி கொஞ்சம் நீண்டிருப்பதால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. எதைத் தின்றாலும் விழியின் நீளம் குறையாது.

கேரட் உதவும் இடம் வேறு. உன் சித்தப்பா ஆறு வயதில், பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுவான். பகலில் ஓடி விளையாடுகிற பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பான். மாலைக்கண். அரசு ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஏ மருந்து கொடுத்து, கேரட், முருங்கைக்கீரை, பப்பாளி நிறையக் கொடுக்கச் சொன்னார்கள். பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். மங்கின வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு அது வேண்டும். அவனுக்கு அந்தக் குறை இருந்தது, தீர்ந்தது. உனக்கு அது இல்லை.

அதற்காகக் கேரட்டையே விட்டுவிடாதே. சாறாக வடிகட்டினால் நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு போய்விடுகிறது. அப்புறம், கரோட்டின் கொழுப்பில் கரைவது. பச்சையாகக் கடிப்பதைவிட, வேகவைத்து எண்ணெயோடு சாப்பிட்டால் உடம்பில் அதிகம் சேரும். பாட்டி செய்கிற மாதிரி கடுகு, உளுந்து தாளித்து, தேங்காய்ப்பூ தூவிப் பொரியல் செய். நாளுக்கு ஒரு கேரட் போதும்.

செவ்வாய்க்கிழமை கீழ்த்தோட்டத்தில் கேரட் பிடுங்குகிறோம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றும் முன் உனக்கு ஒரு பை எடுத்துவைக்கிறேன். மண்ணோடுதான் வரும், சமைக்கும்போது கழுவிக்கொள். ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும்.

கண்ணாடி போடாமல் மட்டும் ஸ்கூட்டர் எடுக்காதே.

அன்புடன்,
அப்பா