காப்புரிமை என்ற ஒரே சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் அறிவுசார் சொத்துரிமை பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு உரிய வருவாய் கிடைக்க வேண்டும் என்ற அதன் அக்கறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அது கையாண்ட சொற்கள், வாதம் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன.

முதலில் ‘காப்புரிமை’. ஒரு பத்தியில் மருந்தின் காப்புரிமை வருகிறது, அடுத்த பத்தியில் பாடலின் காப்புரிமை வருகிறது. முன்னது விண்ணப்பித்து, பரிசீலனைக்குப் பின் கண்டுபிடிப்புக்குப் பெறும் உரிமை. அறிவுசார் சொத்துரிமை பற்றி உலக நாடுகளிடையே 1994இல் கையெழுத்தான டிரிப்ஸ் ஒப்பந்தப்படி அதன் காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. பின்னதைப் பதிப்புரிமை என்றும் சொல்கிறோம். அதற்கு விண்ணப்பம் வேண்டாம், பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கைப்படி படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். மொழிபெயர்ப்பதும் மெய்ப்புப் பார்ப்பதுமே என் தொழில். ஒருமுறை மருந்து விலை பற்றிய அத்தியாயம் ஒன்றின் மெய்ப்பில், ‘காப்புரிமை’ என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பாக, ‘படைத்தவர் மறைந்த பின்னும் 50 ஆண்டுகள் செல்லும்’ என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் கவனமானவர்தான். மூலத்தில் இருந்த இரு வேறு சொற்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை இட்டதால், பாட்டுக்கு உரிய காலம் மாத்திரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நான் பார்க்காமல் விட்டிருந்தால், மருந்து மலிவாவதற்கு இரண்டு தலைமுறை காத்திருக்க வேண்டும் என்றே வாசகர் நம்பியிருப்பார்.

அடுத்தது ‘சொத்து’. ஒருவர் உழும் நிலத்தில் இன்னொருவர் அதே வேளையில் உழ முடியாது. அதனால்தான் நிலத்துக்கு வேலியும் பத்திரமும் வேண்டியிருக்கின்றன. கற்றதைச் சொல்லிக்கொடுத்தவர் அதை இழப்பதில்லை. கல்வியைச் செல்வம் என்று சொல்லிவந்த நம் மொழியும், கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்று அதைத் தனியே பிரித்துத்தான் வைத்தது. தம் விளக்கிலிருந்து இன்னொருவர் விளக்கேற்றிக்கொண்டால் தமக்கு வெளிச்சம் குறைவதில்லை என்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கண்டுபிடிப்புகள் இயல்பில் சொத்தாக முடியாதவை என்றும் அதிலேயே சொன்னார். அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்த முதல் குழுவில் இருந்தவர் இப்படி எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரிட்டனில் 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் சட்டம் என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் தலைப்பே கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்றுதான் தொடங்குகிறது. புதிய நூலுக்கு அது தந்த உரிமை 14 ஆண்டுகள். ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள். அமெரிக்க அரசமைப்பில் இந்த உரிமைகளுக்கு இடம்தரும் பிரிவிலும் சொத்து என்ற சொல் இல்லை, வரையறுத்த காலத்துக்கு என்ற நிபந்தனை இருக்கிறது. சமூகம் ஒரு நோக்கத்தோடு தரும் தனியுரிமைக்குக் கெடு வைப்பது யாருக்கும் உறுத்தாது. அதையே சொத்து என்று அழைத்துவிட்டால், பாட்டன் கட்டிய வீட்டை 50 ஆண்டுகள் கழித்து ஊராருக்குத் திறந்துவிடச் சொல்வார்களா என்று கேட்கத் தோன்றும். கெடுவே அநியாயமாகத் தெரியும். 1998இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை, அப்போது உரிமை நடப்பில் இருந்த பழைய படைப்புகளுக்கும் சேர்த்து, 20 ஆண்டுகள் நீட்டியது. எழுதி முடித்து ஆசிரியரும் மறைந்துவிட்ட ஒரு நூலை எழுதத் தூண்டுவதற்கு இனி என்ன இருக்கிறது என்ற கேள்வி, சொத்து என்ற சொல்லின் நிழலில் காதில் விழாமலே போகிறது.

‘திருட்டு’ என்ற சொல்லும் அப்படித்தான். எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டாக்கி விற்ற வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் அந்தத் தட்டுகளைத் திருட்டுப் பொருளாகக் கருத மறுத்தது. அவர்கள் செய்தது பதிப்புரிமை மீறல். அது குற்றம், தண்டனைக்கும் உரியது. ஆனால் திருட்டு வேறு, மீறல் வேறு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்த இடத்தில், பாடநூலில் நாலு பக்கத்தை நகலெடுத்த மாணவரையும் ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்றவரையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. பிறகு இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் ஆட்சேபித்து, அது 1997இல் ரத்தானது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டு மக்கள் வழிவழியாகச் செய்துவந்த ஒன்று அச்சில் இருந்தால்தான் ‘ஏற்கெனவே அறிந்தது’ என்ற கணக்கில் சேரும். வாய்மொழியும் கைப்பழக்கமும் சேரா. அடிபட்ட பிள்ளையின் முழங்காலில் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்ட கைகள் எத்தனை தலைமுறையாக இருந்தும், நூல்களையும் ஆய்விதழையும் எடுத்துக் காட்டித்தான் வழக்கை வெல்ல முடிந்தது. பின்னர் இந்தியா உருவாக்கிய மரபுசார் அறிவு மின்னூலகம், பழைய மருத்துவ நூல்களில் உள்ளவற்றை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தருகிறது. காப்புரிமை பரிசீலகர் படிக்கும் மொழியில் இல்லாத அறிவு, அவரைப் பொறுத்தவரை இல்லாத அறிவாகவே இருந்திருக்கிறது.

பொதுவில் இருப்பது யாருக்கும் உரியதன்று என்று எண்ணும் பழக்கம் நம் பேச்சிலும் உண்டு. தனியார் பட்டாவில் அடங்காத பொது நிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ இன்று வசைச்சொல்லாகிவிட்டது. அதே மனப்போக்கில்தான், ஒரு நூலின் பதிப்புரிமைக் காலம் முடிந்து அதை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம் என்ற நல்ல நாள் வரும்போது, உரிமை ‘காலாவதியாகிவிட்டது’ என்று கெட்டுப்போன மருந்தைப் பற்றி எழுதுவதைப் போல எழுதுகிறோம்.

எனவே தங்கள் ஆசிரியர் குழுவிடம் என் வேண்டுகோள் இது. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை, நூலுக்கும் பாடலுக்கும் பதிப்புரிமை, பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக் குறி என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் எழுதுங்கள். அனுமதியில்லாத நகலைப் பதிப்புரிமை மீறல் என்றே குறிப்பிடுங்கள். அடுத்த முறை ஒரு நூலின் பதிப்புரிமைக் காலம் முடியும் செய்தியை வெளியிடும்போது, அந்த நூல் ‘பொதுவுக்கு வந்தது’ என்று தலைப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர், மொழிபெயர்ப்பாளர்