யூ இல்லாத க்யூ

கானாடுகாத்தான்

அன்புள்ள அகராதிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனி உனக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம் என்பதால் இதைப் பொடி எழுத்திலேயே எழுதுகிறேன். இங்கே மழையைக் காணோம். இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற வேண்டும், ஆள் கிடைத்தபாடில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

சிங்கப்பூர்ப் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வயது 11. எழுத்துச் சில்லுகளை அடுக்கிச் சொல் கோக்கும் ஸ்கிராபிள் பலகையோடு வந்து இறங்கினாள். மத்தியானம் கரண்ட் போனதும் நாங்கள் இருவரும் பட்டாலையில் உட்கார்ந்துவிடுகிறோம். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்கு மின்விசிறி தேவையில்லை. வேலையில்லாமல் இருந்த ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகையில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணி அமைத்த விளையாட்டு அது. மொத்தம் 100 சில்லு. அதில் யூ நான்கு, க்யூ ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு 10 புள்ளி.

முந்தாநாள் அவள் மேலிருந்து கீழாகக் ‘கிட்’ என்று வைத்தாள். அதன் தலையில் இருந்த கே எழுத்தைப் பிடித்து நான் ‘இங்க்’ என்று முடித்தேன். அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. என் ஐ எழுத்துக்கு நேர் மேலே, எழுத்தின் புள்ளி மும்மடங்காகும் கட்டத்தில் க்யூவை வைத்தாள்; அதற்கு வலப்பக்கம் இன்னொரு ஐ.

“64 புள்ளி, ஐயா.”

“இது என்ன சொல்?”

“சீ.”

எனக்குச் சுருக்கென்றது. தாத்தாவைப் பார்த்துச் சீ என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாளா என்று பார்த்தால், அந்தச் சொல்லின் உச்சரிப்பே அதுதானாம். சீனர்கள் உடம்புக்குள் ஓடுவதாகச் சொல்லும் உயிர்ச்சக்தி. நம் பிராணன் மாதிரி.

நான் விடவில்லை. க்யூவுக்குப் பின்னால் யூ வராவிட்டால் பிரம்பு வரும் என்று படித்தவர்கள் அல்லவா நாம்? தமிழில் ங் எழுதினால் பின்னாலேயே க வந்து நிற்கும்: சங்கு, நுங்கு, பங்கு. அங்ஙனம், இங்ஙனம் என்று ஒன்றிரண்டுதான் தப்பும். க்யூவும் அப்படித்தான் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். அவள் செல்பேசியில், க்யூவுக்குப் பின்னால் யூ வராத சொற்களின் பட்டியலை எடுத்து நீட்டினாள்.

இரவு தூக்கம் வராமல் அதைத் தோண்டினேன். அந்த யூவே வந்து ஒட்டிக்கொண்டதாம். ராணியைக் குறிக்கும் ‘குவீன்’ பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ போட்டு எழுதிய சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள்தான் அங்கே க்யூவையும் யூவையும் ஜோடியாக நட்டார்கள். அவர்கள் கைப்பழக்கத்துக்கு நம் முழங்கை வீங்கியிருக்கிறது, பார்.

க்யூவுக்குப் பின்னால் யூ இல்லாதவை பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. ‘கத்’ ஏமன் நாட்டில் வெற்றிலைபோல் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் கிறக்கம் தரும் இலை. ‘சூக்’ அரபுச் சந்தை. ‘காதி’ இஸ்லாமிய நீதிபதி, நம் காஜியார்தான். அரபியில் அடிநாக்கு உள்நாக்கைத் தொட்டு வரும் க ஒலிக்கு இந்த எழுத்தைப் போட்டார்கள். சீனர்கள் 1958-இல் ரோமன் எழுத்து முறையை ஏற்றபோது இதையே ச போன்ற ஒலிக்கு வைத்துக்கொண்டார்கள். ‘குவெர்ட்டி’ என்றுகூட ஒரு சொல் இருக்கிறது. காரைக்குடியில் தட்டச்சு படித்தபோது இடது சுண்டுவிரலால் எட்டி எட்டி அடித்தோமே, அந்த வரிசையின் முதல் ஆறு எழுத்துகள்! அதில் க்யூ ஒரு கோடியில், யூ வலது ஆள்காட்டி விரலில். இணைபிரியாதவர்களை அவ்வளவு தள்ளி வைத்தவன் யாரோ.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கனாத்’. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை, மெல்லச் சரியும் சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். வழி நெடுக, மண்ணை வெளியே அள்ளவும் உள்ளே காற்று போகவும் கிணறுபோலக் குழிகள். மாடும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். சரிவே இழுத்து வரும். வெயிலில் வற்றாது. நம் ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டியவர்கள் பார்த்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் பேசியிருப்பார்கள்.

காலையில் பேத்தியிடம், “கத் என்றால் என்ன?” என்றேன்.

“12 புள்ளி.”

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொருள் சொன்னால்தான் புள்ளி என்று சட்டம் போட்டேன். இதெல்லாம் ஆங்கிலமே இல்லை என்றும் முணுமுணுத்தேன். அவள் தலையைத் தூக்காமலே, “இந்தத் தூண் பர்மாத் தேக்கு என்றீர்களே, அப்படியானால் இது நம் தூண் இல்லையா?” என்றாள். உன் வாய் அவளுக்கு எப்படி வந்தது?

சட்டத்துக்கு ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: அவள் ஒரு சொல் சொன்னால் நான் ஒரு தமிழ்ச் சொல் சொல்ல வேண்டும், அதைவிடச் சிறியதாக. எனக்கா பஞ்சம்? நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழி 42 இருக்கிறதே. ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, கோ என்றால் அரசன் என்று அடுக்கினேன். கடைசியில், குறிலில் வருவது இரண்டே இரண்டுதான் என்று பீடிகை போட்டு, நொ என்றால் துன்பம், து என்றால் உண் என்றேன்.

“து என்பதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள், ஐயா.”

முழித்தேன். 60 வருடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவையும் பயன்படுத்தியதில்லை. புள்ளியைக் குறைத்துவிட்டாள்.

உனக்கு ஏதாவது வாக்கியம் தோன்றினால் உடனே எழுது. அவள் ஊருக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. நேரில் வருவதானால் பள்ளிக்கூட நாளில் என்னிடமிருந்து வாங்கிப்போன அகராதியையும் கொண்டுவா. க்யூ பக்கத்தில் கந்தரப்பத்து எண்ணெய் பட்டிருக்கும். அது உன் விரல், என்னுடையது அல்ல. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்