விலை எங்கள் ஆர்டரில் பிறக்கிறது, அதற்கு எத்தனை முறை பணம் கட்டுவது?

மதிப்பிற்குரிய செபி (பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம்) தலைவர் அவர்களுக்கும் பங்குச்சந்தை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் சொந்தப் பணத்தில், சொந்தக் கணக்கில் மட்டும் வர்த்தகம் செய்யும் சிறியவர்களுக்காக, சந்தை விலை டேட்டாவுக்கு வாங்கும் கட்டணம் பற்றி இந்த மடல்.

டிக்-பை-டிக் டேட்டாவை, அதாவது ஒவ்வொரு ஆர்டரும் வியாபாரமும் ஒன்று விடாமல் வரும் விவரத்தை, எல்லா உறுப்பினர்களுக்கும் (புரோக்கர்களுக்கும்) கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று 2018 ஏப்ரல் 9 சுற்றறிக்கையில் சந்தைகளுக்கு உத்தரவிட்டீர்கள். பெற்றுக் கையாளும் வசதியை மட்டும் உறுப்பினர் செய்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் சமவாய்ப்பு என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அந்தச் சமவாய்ப்பு புரோக்கர் வாசலோடு நின்றுபோனது.

செல்போன் செயலியில் விலையைக் கண்ணால் பார்க்கக் காசில்லை, உண்மைதான். அதே விலை சார்ட் மென்பொருளுக்கோ சொந்தமாக எழுதிய புரோகிராமுக்கோ வர வேண்டுமானால் பல இடங்களில் மாதச் சந்தா. டேட்டா விற்பனையாளரிடம் போனால் பங்கு, எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்), கமாடிட்டி என்று பிரிவுக்குப் பிரிவு தனி விலை, அதன்மேல் சந்தையின் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சந்தா கேட்கும் இரண்டு புரோக்கரிடம் கணக்கு இருந்தால் அதே நிஃப்டி விலைக்கு இரண்டு தடவை கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரியோடு 2,360, வருடத்துக்கு 28,320. 2 லட்சம் ரூபாய் முதலீடு வைத்திருப்பவருக்கு வருடத்தில் 14 சதவீதம் இதற்கே போய்விடுகிறது. 2 கோடி வைத்திருப்பவருக்கு இதே தொகை 0.14 சதவீதம்.

இவ்வளவு கட்டியும் வருவது முழு டேட்டா இல்லை. புரோக்கர் ஏபிஐ-யில் (நம் புரோகிராமைப் புரோக்கரின் சர்வரோடு இணைக்கும் வழி) பெரும்பாலும் வருவது ஸ்னாப்ஷாட். அந்த நொடியின் கடைசி விலை வரும், இடையில் நடந்த வியாபாரங்கள் வராது. ஒரு ஆப்ஷன் பிரீமியம், அதாவது ஆப்ஷன் ஒப்பந்தத்தின் விலை, 84.20-ல் இருக்கிறது. அடுத்த பாக்கெட் வருவதற்குள் 79.90-க்கு இறங்கி 83.60-க்குத் திரும்பிவிடுகிறது. சந்தையில் 80 ரூபாயில் ஸ்டாப் லாஸ் (அந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டவருக்கு ஆர்டர் தூண்டப்பட்டுவிடும். அவருடைய சார்ட்டிலோ அந்த நிமிடத்தின் தாழ்வு 83.60 என்றே நிற்கும். தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதாகத்தான் அவர் நினைப்பார். சந்தைக்கு அனுப்பாமல் தன் புரோகிராமிலேயே ஸ்டாப் வைத்தவருக்கு நேர்மாறான நிலை, 80 வந்ததே அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. பாக்கெட்டில் அன்றைய மொத்த வால்யூம் இருப்பதால் எத்தனை கைமாறியது என்று கழித்துப் பார்க்கலாம், என்ன விலையில் என்று கண்டுபிடிக்க முடியாது. அன்றைய உச்சமும் தாழ்வும் இருக்கும், நிமிடத்துக்கு உரியது இருக்காது. பழைய டேட்டாவில் சோதித்துச் சரியாக வந்த விதி, நேரடிச் சந்தையில் வேறு மாதிரி நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் காலையில் பலகையில் விலை எழுதிப் போடுகிறார்கள். விற்பவரும் படிக்கலாம், வாங்குபவரும் படிக்கலாம், படித்ததற்கு யாரும் காசு கேட்பதில்லை. உங்கள் சந்தையில் பலகையில் ஏறும் ஒவ்வொரு விலையும் எங்களைப் போன்றவர்கள் போட்ட ஆர்டரில் பிறப்பது. அந்த வியாபாரத்துக்குப் பரிவர்த்தனைக் கட்டணம் கட்டுகிறோம், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) கட்டுகிறோம், செபி கட்டணமும் கட்டுகிறோம். பிறகு அதே விலையை எங்களுக்கே விற்கிறீர்கள். சர்வருக்கும் லைனுக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. அந்தச் செலவு எவ்வளவு என்பதையாவது வெளியிடுங்கள்.

சுமை இதோடு நிற்கவில்லை. 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கைப்படி ஏபிஐ வழியாக ஆர்டர் போட ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வேண்டும். குடியாத்தத்தில் வீட்டு ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு அது இன்னொரு மாதச் செலவு. நிஃப்டி போன்ற குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சத்துக்கு உயர்த்தினீர்கள், எஸ்டிடியும் ஏறியது. எஃப் அண்ட் ஓ-வில் தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு 2024-25-ல் நிகர நஷ்டம் என்று உங்கள் ஆய்வே சொல்கிறது. அதற்கு டேட்டா மட்டும் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சிறியவரைக் காப்பதற்காக என்று வரும் ஒவ்வொரு விதியும் அவர் செலவைக் கூட்டியே முடிகிறது. அவர் கண்ணுக்கு முழு விலையும் தெரியட்டும் என்று ஒரு விதிகூட ஏன் வரவில்லை? கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். கோரிக்கைக்கு வருகிறோம்.

சொந்தக் கணக்கில் மட்டும் வர்த்தகம் செய்யும் தனிநபருக்கு, பான் எண்ணுக்கு ஒரே கட்டணம், அதுவும் அடக்க விலையில். எத்தனை புரோக்கர், எத்தனை மென்பொருள் என்றாலும் இரண்டாவது முறை வசூலிக்கக் கூடாது. அமெரிக்காவில் நியூயார்க் சந்தைப் பட்டியலின் நேரடி விலைக்குத் தொழில்முறை அல்லாத தனிநபரிடம் மாதம் 1 டாலர்தான் கட்டணம். தொழில்முறையாளர் வேறு, தனிநபர் வேறு என்ற அந்த வேறுபாடு இங்கும் வேண்டும். புரோக்கர் தருவது ஸ்னாப்ஷாட்டா, முழு டிக்கா, நொடிக்கு எத்தனை என்பதைச் சந்தா வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லச் செய்யுங்கள்.

இது உங்களால் முடியாதது இல்லை. வாடிக்கையாளரிடம் வாங்கும் பரிவர்த்தனைக் கட்டணமும் சந்தைக்குப் போய்ச் சேருவதும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே வீதம் என்று 2024 ஜூலை 1-ல் சுற்றறிக்கை விட்டீர்கள். அக்டோபரில் அது நடைமுறைக்கும் வந்தது. டேட்டாவுக்கும் அதையே செய்யுங்கள். பான் எண்ணுக்கு ஒரே கட்டணம், அடக்க விலையில். தயவுசெய்து இதைப் பரிசீலித்து, முடிவை எங்களுக்கும் தெரியப்படுத்தும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டச் சிறு வர்த்தகர்கள்