பெயர் தெரியாத அந்த சீன அம்மாவுக்கு

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

இருதய அறுவை சிகிச்சை முடிந்து பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டாள். சிரித்தால் நெஞ்சில் தையல் இழுக்கிறது என்கிறாள். ஆனாலும் தம்பியோடு சண்டை போடத் தொடங்கிவிட்டாள். நடந்ததை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குத் தெரியாததும் இல்லை. மனம் ஆறிப்போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற செந்தூல் பையன்கள், ஆலயத்தில் அர்ச்சனை செய்தவர்கள், கஞ்சியும் ரசமும் தூக்கில் கொண்டுவந்த அக்கம்பக்கத்து அக்காமார்கள், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு என் கணவரோடு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த மாமாக்கள், பாடக்குறிப்புகளை எழுதி அனுப்பிய தோழிகள், ஐஜேஎன் (தேசிய இருதய மருத்துவமனை) மருத்துவர்கள், தாதியர்கள் — ஒருவரையும் நான் மறக்கவில்லை. உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

ஆனால் இந்த மடலில் பெரும் பங்கு, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு உரியது.

பள்ளிகளுக்கிடையிலான கைப்பந்துப் போட்டி அன்று முடிந்திருந்தது. என் மகள் வலைக்கு மேலே எழும்பி அடித்த பந்துகளைப் பற்றித்தான் எல்லாருக்கும் பேச்சு. எழுபது வயதிருக்கும் ஒரு சீன அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எந்தப் பள்ளியையும் சேர்ந்தவர் அல்லர். கைப்பந்து நடக்கிற இடத்துக்கெல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவாராம். அருகில் வந்ததும் கோடாலித் தைல வாசனை. "அடிக் (தங்கச்சி), கையைக் காட்டு" என்றார் மலாயில். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, அதன்மேல் மற்ற நான்கு விரல்களையும் மூடச் சொன்னார். சுண்டுவிரல் பக்கமாகக் கட்டைவிரலின் நகம் முழுதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்து, ஒரு கையின் மணிக்கட்டை மறுகையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் வளைக்கச் சொன்னார். இரண்டு விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவர் என் பக்கம் திரும்பி, "இவளுடைய இருதயத்தை எந்த மருத்துவராவது பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரோ என் கையைப் பிடித்துப் படிக்கட்டில் உட்கார வைத்து, ஒரு கதை சொன்னார். ஃபுளோ ஹைமன் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவர், 1954இல் பிறந்தவர். ஆறடி ஐந்து அங்குல உயரம். சிறுவயதில் அந்த உயரத்தை நினைத்தே கூசியவர், பிறகு அதையே ஆயுதமாக்கிக்கொண்டார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அதை அமெரிக்கா புறக்கணித்தது. நம் மலேசியக் காற்பந்து அணி தகுதி பெற்றும் போகாமல் நின்ற அதே ஒலிம்பிக்தான். அவர் விலகிப் போய்விடவில்லை. இன்னும் நான்கு ஆண்டுகள் காத்திருந்து 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் இறுதியாட்டத்தில் சீனாவை எதிர்த்து நின்றார். சீனா 3-0 என வென்றது. "எங்கள் சீன வீராங்கனை லாங் பிங் அடித்த ஒவ்வோர் அடிக்கும் நான் கத்தினேன். ஆனாலும் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற உயரமான பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை" என்றார் அந்த அம்மா.

பிறகு ஹைமன் ஜப்பானில் ஓர் அணிக்கு விளையாடப் போனார். 1986 ஜனவரி 24ஆம் நாள், மட்சுவே நகரில் ஓர் ஆட்டத்தின் நடுவே அவரை மாற்றி வெளியே உட்கார வைத்தார்கள். இருக்கையில் இருந்தபடி தன் அணியை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31. மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். உடலைச் சோதித்த பிறகே உண்மை தெரிந்தது. மார்ஃபான் என்ற பிறவிக் குறைபாடு. இருதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி கிழிந்திருந்தது. உயரமும், நீண்ட கைகளும், நீண்ட விரல்களும் அந்தக் குறைபாட்டின் அடையாளங்களாம். அதைத் தெரிந்துகொண்டு அவருடன் பிறந்தவரையும் சோதித்தார்கள். அவருக்கும் அதே குறை இருந்தது. அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றிவிட்டார்கள்.

"உயரமாக இருக்கிறவர்களுக்கெல்லாம் இது இருக்காது. விரலை வைத்தும் முடிவு சொல்ல முடியாது. பயப்படாதே, ஆனால் ஒரு முறை எக்கோ, அதுதான் இருதய ஸ்கேன், எடுத்துப் பார்த்துவிடு" என்றார். போட்டி அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி என் பையில் அவரே திணித்தார். நான் நன்றி சொல்லி நிமிர்வதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டார்கள். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. எக்கோ எடுத்த மருத்துவர், "இந்த நிலையில் எப்படி விளையாடிக்கொண்டிருந்தாள்?" என்றுதான் கேட்டார். சின்னவனையும் சோதித்தார்கள்; கடவுள் புண்ணியத்தில் அவனுக்கு ஒன்றும் இல்லை.

எங்கோ ஜப்பானில், நான் பார்த்தே இராத ஒரு பெண் சரிந்து விழுந்ததைக் கேள்விப்பட்ட ஒருவர், அதை இத்தனை ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, யாரோ பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். மற்றவர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று எத்தனை பேர் இருந்துவிடுகிறோம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

மகள் இனிப் போட்டியில் ஆட முடியாது. அதைக் கேட்டபோது அறுவை சிகிச்சையின்போதும் அழாதவள் அழுதாள். ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பிறகு அவளே அந்த லாங் பிங்கைப் பற்றித் தேடிப் படித்தாள். அன்று வீராங்கனையாகத் தங்கம் வென்றவர், 2008இல் அமெரிக்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வெள்ளி பெற வைத்தார். 2016இல் ரியோவில் சீனப் பெண்களின் பயிற்சியாளராக மறுபடியும் தங்கம் வென்றார். "அம்மா, அடிக்கத்தானே கூடாது? சொல்லிக்கொடுக்கலாம் இல்லையா?" என்று நேற்றுக் கேட்டாள். தாராளமாகச் சொல்லிக்கொடு என்றேன்.

நானும் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனி எந்தக் கைப்பந்துப் போட்டிக்குப் போனாலும், கூடைப்பந்து ஆனாலும், மெலிந்து உயர்ந்து விரல் நீண்ட பிள்ளையைப் பார்த்தால் அதன் பெற்றோரிடம் போய்ப் பேசுவேன். முகம் சுளித்தாலும் சரி, இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று சொன்னாலும் சரி.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஏற்பாட்டாளர்களைக் கேட்டுப் பார்த்தேன். முகம் தெரியும், பெயர் தெரியாது என்கிறார்கள். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு தைலக் குப்பி. கோலாலம்பூர் பள்ளிப் போட்டிகளில் இப்படி ஒருவரைப் பார்த்தால் இதை மலாயில் சொல்லிக் காட்டுங்கள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள், அவளுடைய அம்மா உங்களுக்குத் தன் கையால் சமைத்துப் போடக் காத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஒரு கைப்பந்து வீராங்கனையின் அம்மா,
செந்தூல், கோலாலம்பூர்